கடல் மட்டம்

ஆக்சிஜன் தரும் பெட்டி அது.
எல் ஆல்டோவில், டயர் கடைக்கு மேலே,
நாலாயிரத்து நூறு மீட்டர் உயரத்தில்
நெஞ்சு போதாதவர்களுக்காக
ஆறு பேர் சேர்ந்து செய்கிறோம்.

கம்ப்யூட்டரில் அது அறுபத்தொரு டிகிரி.
மேசையில் எண்பத்து நான்கு.
நாற்பதாவது நிமிடத்தில் கம்ப்ரசர்
தன் மூச்சைத் தானே நிறுத்திக்கொள்ளும்.
டொக்.

பெர்மின் லாருத்தா வெப்பமானியைத் திட்டினான்.
புதிது வாங்கினோம். அதுவும் எண்பத்து நான்கே சொன்னது.
நான் வலையைப் பொடியாக்கினேன்.
பெட்டிக்குள் இருக்கும் காற்றை
எட்டு லட்சம் துண்டாக, பிறகு தொண்ணூறு லட்சமாக.
எவ்வளவு சூடு, எந்தப் பக்கம், என்ன வேகம் என்று
ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டைக் கேட்டுக் கேட்டுக்
கணக்கை நேர்செய்து முடிக்க மூன்று இரவு.
அறைக்கு ஹீட்டர் தேவைப்படவில்லை,
லாபம் அது ஒன்றுதான்.
விடிந்தபோது விடை: அறுபத்தொன்று புள்ளி இரண்டு.
அதே பொய்யை
இன்னும் துல்லியமாகச் சொல்லக் கற்றிருந்தது.

அரிக்காவிலிருந்து தாமிரக் குழாய் விற்க வந்தவர்,
ஒஸ்வால்தோ, பெரிய தேகம்,
இருபத்திரண்டு படி ஏறி
கைப்பிடியை விடாமல் நின்றார். உதடு நீலம்.
"உங்கள் ஊரில் காற்றே இல்லையே!"
சிரித்தோம். கோகா இலைத் தேநீர் கொடுத்தோம்.
எங்கள் சரக்கையே எடுத்து
அவர் மூக்கில் மாட்டிவிட்டான் பெர்மின்.

எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றது.

மூன்றாவது பக்கத்தில், யாரும் தொடாத ஒரு கட்டம்.
காற்றின் அடர்த்தி:
ஒன்று புள்ளி இரண்டு இரண்டு ஐந்து.
கடற்கரைக் காற்று.
எங்கள் காற்று கன மீட்டருக்கு
முக்கால் கிலோ தேறினால் பெரிது.
பிறந்ததிலிருந்து அதைத்தான் இழுத்து விடுகிறேன்,
அதை எழுதத் தோன்றவில்லை.

நாட்டுக்குக் கடல் இல்லை.
மார்ச் மாதம்தோறும் பள்ளிப் பிள்ளைகள்
அதற்காக அணிவகுக்கிறார்கள்.
கம்ப்யூட்டருக்குள் மட்டும்
அலை தெறிக்கும் தூரத்தில் குடியிருந்திருக்கிறோம்.

மாற்றினேன். பதினோரு மணி நேரம்.
எண்பத்து மூன்று புள்ளி ஒன்பது.
தோற்றுப்போன எண்ணுக்குக் கை தட்டினேன்.

அதன் பிறகுதான் படம் பேசியது.
விசிறி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது,
அள்ளும் கைக்குள் அள்ளத்தான் எதுவும் இல்லை.
கம்ப்ரசருக்குப் பின்னால், மூலையில்,
சிவப்பாக ஒரு சுழல்.
பந்தி முடிந்தும் கிளம்பாத சொந்தக்காரன்,
வாசல் தெரியாமல் இல்லை.

விசிறியை விரட்டலாம்.
ஆனால் நோயாளி தூங்க வேண்டும்.
இரவு நர்ஸ் பசிலியா முன்பே சொல்லிவிட்டாள்:
"இதற்கு மேல் சத்தம் வந்தால் ஜன்னல் வழியே எறிவேன்."

நுழைவாயைப் பதினான்கு மில்லிமீட்டர் கீழே இறக்கினேன்.
ஒரு தகடு, உள்ளங்கை அகலம், சற்றே சாய்வாக.
திரையில் சுழல் நீண்டது,
தயங்கியது,
கிழிந்து
வெளியே போனது.

கினோவா அட்டைப்பெட்டியை வெட்டி
தகடு இருக்கவேண்டிய இடத்தில் ஒட்டினோம்.
சந்தையில் வாங்கிய ஊதுபத்தியின் புகை
திரையில் பார்த்த அதே வளைவில் போனது.
பெர்மின் எதுவும் சொல்லவில்லை.
மூன்று முறை கொளுத்தினான்.

அறுபத்தெட்டு.
அறுபத்தொன்று அல்ல. அந்த எண்ணை
மறக்க இன்னும் மனம் வரவில்லை.
இரவு இரண்டு மணிக்கு மேல் தகடு லேசாக அதிர்கிறது,
ஏனென்று தெரியவில்லை.
வார்டில் ஒருவர், பழகிவிட்டது,
நின்றால்தான் விழிக்கிறேன் என்கிறார்.

பொட்டோசியிலிருந்து அடுத்த ஆர்டர்.
புதுக் கோப்பைத் திறக்கிறேன், மூன்றாவது பக்கம்:
ஒன்று புள்ளி இரண்டு இரண்டு ஐந்து.
எத்தனை முறை திருத்தினாலும்
விடிந்தால் அது
கடலுக்கே போய்விடுகிறது.