நேற்று, பத்துக்கு எத்தனை

நியூபோர்ட்டில் மழை. மூன்றாம் மாடி.
காதில் மாட்டிய ஒலிவாங்கிக்குள்
யார் வீட்டிலோ கெட்டில் கொதிக்கிறது.
"நேற்று எந்த அளவுக்கு மகிழ்ச்சியாக இருந்தீர்கள்?
பூஜ்யம் என்றால் கொஞ்சமும் இல்லை,
பத்து என்றால் முழுவதும்."
இதற்கு மேல் ஒரு சொல் சேர்க்க எனக்கு அனுமதி கிடையாது.
"நேற்றா?" என்று தேடுவார்கள்,
சாவியை எங்கோ வைத்துவிட்டவர்கள் போல.

பெரும்பாலும் ஏழு.
ஏழு ஒரு மரியாதை.
சங்கிலியைக் கழற்றாமல் கதவைத் திறப்பது மாதிரி:
முகம் தெரியும், வீடு தெரியாது.
ஐந்து என்றால் அடுப்பில் ஏதோ தீய்கிறது,
சீக்கிரம் விடு என்று அர்த்தம்.
மூன்றுக்குக் கீழே இறங்குகிறவர்கள்
கையோடு மன்னிப்பும் கேட்டுவிடுகிறார்கள்
என் காலைப்பொழுதைக் கெடுத்ததற்கு.

ட்ரெடிகரிலிருந்து ஒரு பெண்.
கேரிஸ் பெடோ என்று வைத்துக்கொள்வோம்,
உண்மைப் பெயரைச் சொன்னால் வேலை போய்விடும்.
மருத்துவமனையில் இரவுத் துப்புரவு.
வாழ்க்கையில் திருப்தி, நான்கு.
நேற்றைய மகிழ்ச்சி, ஒன்பது.
நேற்றைய பதற்றம், பத்து.

திரை சிவந்தது:
முரண்பட்ட பதில். சரிபார்க்கவும்.

மறுபடி கேட்டேன். சிரித்தாள்.
"மகன் வந்திருந்தான், பதினான்கு மாசம் கழிச்சு.
கை நடுங்கலை.
ரெண்டு தட்டு சாப்பிட்டான்.
அவன் குளியலறைக்குள்ள போன ஒவ்வொரு தடவையும்
கதவுக்கு வெளியே நின்னு
தண்ணி விழற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இருந்தேன்.
ரெண்டையும் குறைக்காதே. அப்படியே போடு."

அப்படியே போட்டேன்.
காரணத்துக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

மார்ச்சில் கார்டிஃபில் கூட்டம்.
ஹ்யூ ட்ரெஹார்ன், பொருளாதார ஆலோசகர்,
பிஸ்கட்டை உடைத்துப் பெரிய பாதியை என் பக்கம் தள்ளுகிறவர்,
ஒரு ஆளுக்கு ஒரு வருஷம் ஒரு புள்ளி உயர்ந்தால்
இத்தனை பவுண்டு என்று விலை வைத்திருந்தார்.
மனசுக்குள் சிரித்தேன், மறைப்பானேன்.
ஆனால் அந்த விலையைக் காட்டித்தான்
பள்ளத்தாக்கின் ஞாயிற்றுக்கிழமைப் பேருந்தை
நிதித்துறையின் கத்தரியிலிருந்து மீட்டார்.
பணமாக மாறாத எதுவும்
அவர்கள் கண்ணாடிக்குத் தெரிவதில்லை என்றார்,
கொஞ்சம் வெட்கத்தோடு.

அதே அட்டவணையில் ஆறு வரி கீழே
ட்ரெடிகரின் போதை மீட்பு மையம்.
பயன், செலவை எட்டவில்லை.
அந்த வாசலில் நிற்கிறவர்கள்
எங்கள் அழைப்பை எடுப்பதே இல்லை.
எடுக்காதவர்களுக்குச் சராசரியில் இடம் ஏது?
கேட்டிருக்கலாம் நான்.
குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன்.

மையம் ஜூலையில் மூடியது.
பேருந்து ஓடுகிறது, பாதி காலியாக.

வருஷம் திரும்பிவிட்டது. அதே வீடுகளை
மறுபடி அழைத்து, எண் ஏறியதா என்று பார்க்க வேண்டும்.
கேரிஸின் எண் அடிக்கிறது, அடித்துக்கொண்டே இருக்கிறது.
விதிப்படி எட்டு முறை முயலலாம்,
பிறகு "பதிலில்லை" என்று குறித்து
கோப்பை மூட வேண்டும்.

ஏழு முறை அழைத்தாயிற்று.
எட்டாவதைச் செலவழிக்காமல் வைத்திருக்கிறேன்.