வெளுத்ததெல்லாம்

முதலில் என் சட்டைக் கையைத்தான் சந்தேகித்தேன்.
விடிகாலை மூன்றிலிருந்து பதினொன்று வரை
பேக்கரியில் மாவு பிசைகிறவள் நான்.
எதைத் தொட்டாலும் கொஞ்சம் வெளுத்துவிடும்:
கார்க் கதவு, தபால்பெட்டி, பூனையின் முதுகு.

தண்டர் பே. பிப்ரவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
நிலவறையில் உலைக்குப் பக்கத்தில்
கறுப்புத் துணிக் கூடாரத்துக்குள் நான்கு கஞ்சாச் செடிகள்.
வீட்டுக்கு நான்கு. சட்டம் எண்ணித் தந்தது.
மூன்று நானே விதை போட்டவை.
நான்காவது,
ரெய்னோ லம்பேலா டிசம்பரில்
கோட்டுக்குள் அணைத்துக் கொண்டுவந்த பதியன்.
'சிர்க்காவுக்கு' என்றான், வேறொன்றும் சொல்லவில்லை.
கீமோ முடிந்த இரவுகளில்
என் தங்கைக்குத் தண்ணீர்கூடத் தங்குவதில்லை.

அதன் கீழிலையில், சில்லறைக் காசளவு ஒரு வெள்ளை.
ஈர விரலால் துடைத்தேன். போனது.
மாவுதான் என்று சிரித்துக்கொண்டே படுக்கப் போனேன்.

மூன்றாம் நாள் அதே இடத்தில் அதே வட்டம்.
மாவு திரும்பி வராது.

தபால்தலை பார்க்கும் லென்ஸைத் தேடி எடுத்தேன்.
நல்ல பிசின் எனக்குத் தெரியும்:
காம்பும் தலையுமாக, குண்டூசி நட்டதுபோல் நிற்கும்,
விளக்கைக் கண்டால் மினுக்கும்.
இது மினுக்கவில்லை.
இலைமேல் படுத்துக் கிடந்தது, நூல் நூலாக,
குடியிருக்க வந்ததுபோல.
சாம்பல் நோய்.

கத்தரியைச் சாராயத்தில் நனைத்து நனைத்து வெட்டினேன்.
உதறாமல், மூச்சை அடக்கி,
இலை இருக்கும் இடத்துக்கே பையைக் கொண்டுபோய்.
நான்காவதைத் தொட்டியோடு மூட்டையாகக் கட்டினேன்.
அதன் தண்டிலும் ஏறியிருந்தது.

மற்ற மூன்றும் இன்னும் பூக்கவில்லை, பிழைத்தேன்.
மொட்டு விட்டபின் எதைத் தெளித்தாலும்
அது புகையோடு நெஞ்சுக்குள் போகும்.
ஒரு பங்கு பால், ஒன்பது பங்கு தண்ணீர்.
இலையின் மேல், இலையின் அடி,
ஐந்து நாளைக்கு ஒருமுறை.
நிலவறை முழுக்கப் புளித்த வாடை; பூனைக்கு மட்டும் திருவிழா.
நடுக்கிளைகளைக் கழித்தேன், இலையோடு இலை உரசாதபடி.
ஒரு மின்விசிறி கீழே, ஒன்று மேலே.
ஈரமானி அறுபத்தெட்டு காட்டியது.
நிமிர்ந்து பார்த்தேன்:
உலைக்கு மேலே கயிற்றில், நானே துவைத்துப் போட்ட
என் ஆறு ஏப்ரன்கள் சொட்டிக்கொண்டிருந்தன.

ஆக, பாதிக் குற்றம் ரெய்னோவுடையது.
மீதியைக் கயிற்றிலிருந்து இறக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன்.
நான் வாயைத் திறக்குமுன்
கூடாரத்தின் ஜிப்பைத் திறந்துவிட்டான்.
'பார், இந்த வருஷம் எப்படி உறைபனி பிடித்திருக்கிறது!'
நான்கும் பூத்திருந்தன, முழங்கை நீளம்,
நுனிவரை வெள்ளை.
அத்தனை பெருமை அவன் முகத்தில் நான் கண்டதில்லை,
மகனின் கல்யாணத்தில்கூட.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவனிடம்
எப்படிச் சொல்வது?
சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்து
அவன் கையில் வைத்தேன்.

குனிந்தான்.
மேல் வீட்டில் யாரோ நாற்காலி நகர்த்தினார்கள்.
சன்னலுக்கு வெளியே
பனி வாரும் வண்டி ஒன்று தெருவைக் கடந்து,
முனையில் திரும்பி, மறுபடி கடந்துபோனது.
அவன் நிமிரவில்லை.

'சிர்க்காவுக்கு இதில் கொடுத்தாயா?'
'இல்லை.'
'ஒன்றுகூட?'
'ஒன்றுகூட இல்லை, ரெய்னோ.'

லென்ஸைச் சட்டை நுனியால் துடைத்துத் திருப்பித் தந்தான்.
ஜிப்பை மெதுவாக, கீழ்வரை, மூடினான்.
கரும்பை ஒன்றை உதறி விரித்தவன்
அதைப் படிக்கட்டில் வைத்துவிட்டு
மேலே போய்க் காப்பி போட்டான்.

இரண்டு கோப்பை.
என் பக்கம் பார்க்காமலே கேட்டான்,
'பால் ஊற்றட்டுமா?'