மூன்று சிலிண்டர்

சூரமங்கலத்தில் ரயில்வே கேட் தாண்டி மூன்றாவது ஷெட்.
மழை வந்தால் தகரம் பேசும்,
வராவிட்டால் பெனடிக்ட் பேசுவார்.
எஸ்டீமின் மூக்கைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்.
இருபத்திரண்டு வருஷம் உழைத்த எஞ்சின்
சங்கிலியில் தொங்கி, யாரிடம் விடைபெறுவதென்று தெரியாமல்
மெல்ல ஒரு சுற்றுச் சுற்றியது.

புதிதாய் வந்திறங்கியது சின்னதாக இருந்தது.
"ஒண்ணு குறையுதே?"
"மூணு சிலிண்டர்தாங்க. ஆனா டர்போ.
மூணு பேரு அஞ்சு பேரு மூச்ச இழுப்பாங்க."
நான் சேகோ ஆலையில் கணக்கு எழுதுகிறவள்.
ஐந்து பேர் வேலையை மூன்று பேர் செய்வது
எனக்குப் புதிதில்லை.

பிறகு சனிக்கிழமைகள்.
மவுண்ட் பொருந்தவில்லை, தகடு வெட்டி வெல்டு வைத்தோம்.
ஆக்ஸில் ஒரு பக்கம் விரற்கடை குறைந்தது.
இன்டர்கூலருக்கு இடம் கேட்டுப் பம்பரின் உள்வாயை அறுத்தோம்.
ஏலச்சீட்டுப் பணம் கரைந்தது.
ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் நம்பர் மாற்ற
ஆர்.டி.ஓ. ஆபீஸில் நான்கு முறை வரிசை.
"இந்தக் காசுக்குப் புதுவண்டிக்கு முன்பணமே கட்டலாம்" என்றாள் தங்கை.
கட்டலாம்தான்.

வயரிங் முடிந்த இரவு சாவியைத் திருப்பினேன்.
ஒரு இருமல். உயிர் வந்தது.
ஒரு நொடி. போய்விட்டது.
மறுபடி. மறுபடி.
பெனடிக்ட் ஸ்கேனரைச் செருகினார்.
"பழைய சாவி கேக்குது. சிப்பு இருக்கும் அதுல.
அது இல்லாம நம்மள நம்பாது."
திரையில் கடைசிப் பதிவு கிடந்தது:
வேகம் 94. ஏர்பேக் திறந்தது.
ஊர் இல்லை, பெயர் இல்லை.
"அழிச்சிரட்டா?"
இருக்கட்டும் என்றேன்.

மேச்சேரியில் வீடு. மாதேஸ், நாற்பது இருக்கும்.
இடது காலில் கம்பி வைத்திருப்பதை நடை சொன்னது.
பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தார்:
ஃபியூஸ், நட்டு, செல்லாத காசு, சாவி.
எப்படி நடந்தது என்று நான் கேட்கவில்லை,
எவ்வளவு தருவீங்க என்று அவர் கேட்கவில்லை.
வாசல் வரை வந்தார்.
"ரெண்டாயிரம் ஆர்.பி.எம். தாண்டினா
முதுகுல கை வச்சுத் தள்ற மாதிரி இருக்கும்.
இன்னும் தள்ளுதான்னு சொல்லுங்க."

விடியும் முன் அடிவாரம்.
இந்த மலையில் இந்த வண்டி
ஏ.சி.யை அணைத்து, முதல் கியருக்கு இறங்கி,
பின்னால் பஸ்காரர் ஹாரனில் திட்டத் திட்ட
ஏறியதெல்லாம் எனக்குத் தெரியும்.
முதல் கொண்டை ஊசி. இரண்டாவது.
ஏழாவதில் மிதித்தேன்.
பக்கத்தில் யாரும் இல்லை.
முதுகில் கை இருந்தது.

இருபதும் முடிந்து, காப்பித் தோட்ட வேலியோரம் கொஞ்சம் நின்று,
இறங்கும்போதுதான் புத்தி வந்தது:
ஏற டர்போ வாங்கியவள்
நிற்பதற்குப் பழைய டிரம்மையே நம்பியிருக்கிறேன்.
பதினான்காவது வளைவில் ரப்பர் கருகும் வாசனை.
ஓரம் கட்டினேன்.
கைச்சுவரில் ஒரு குரங்கு என் பிரேக்கை முகர்ந்தது.

போன் போட்டேன்.
"தள்ளுது" என்றேன்.
அந்தப் பக்கம் மூச்சு மட்டும்.
பிறகு, "பானட்டத் தூக்கி போன அதுகிட்டக் காட்டுங்க.
கொஞ்சம் ரேஸ் பண்ணுங்க."
செய்தேன். ஊஸ் என்று ஏதோ ஒன்று
எனக்குக் கேட்காதது, அவருக்குக் கேட்டது.
"இன்டர்கூலர் ஹோஸு. கீழ் கிளாம்ப் லூஸு.
ஒரு சுத்து முறுக்குங்க. ஒண்ணே ஒண்ணு.
இப்ப இல்ல, சூடா இருக்கும். ஆறட்டும்."

ஸ்குரூடிரைவரோடு நின்றேன்.
கீழே சேலம் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தது.
இரும்பு ஆறும் சத்தம், டிக், டிக்.
அவர் போனை வைக்கவில்லை.
நானும்.