இது ஒன்று

தரமணியில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே
மூன்று மாத வாடகை பாக்கியுள்ள அறை.
ஃபேன் இரண்டாம் எண்ணில் மட்டும் சுற்றும்.
யாருடைய கல்யாணத்துக்கோ அடித்த ஃப்ளெக்ஸைத்
திருப்பி மாட்டி, அதன் வெள்ளை முதுகில் எழுதுகிறோம்,
செமஸ்டர் லீவுக்குள் சரிசெய்ய வேண்டியவற்றை.

ஒருவர் எழுதினால் குழு முழுக்கப் போய்ச்சேரும்
மடல் மென்பொருள். எங்களைவிட வயதில் மூத்தது.
விலை இல்லை. முதலாளி இல்லை.
யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.
பார்த்தவர்களில் பலர்
மெதுவாக மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

முதல் வரி ஜெபசீலனுடையது:
தலைப்பில் தமிழ் எழுதினால் கேள்விக்குறிகளாய் உதிர்கிறது.
'நாளை தண்ணீர் வராது' என்று அனுப்பினால்
பதினெட்டுக் கேள்விகள் போய்ச்சேருகின்றன.
கேட்க வேண்டியதுதானே, என்றாள் ரிஸ்வானா.

இரண்டாவது, பொத்தானின் நிறம்.
அதற்கு நாற்பது நிமிடம் சண்டை.
நடுவில் பறக்கும் ரயில் ஒன்று போனது,
யாரும் குரலைத் தாழ்த்தவில்லை.

மூன்றாவதை எழுத மதுமொழி எழுந்தாள்.
மார்க்கர் காய்ந்திருந்தது. உதறினாள், எழுதினாள்:
ஐந்து முறை மடல் திரும்பினால்
அந்த முகவரியை நீக்கிவிடுகிறது.
யாரிடமும் சொல்வதில்லை.

நல்லதுதானே என்றேன் நான்.
பூட்டிய வீட்டுக்கு எத்தனை நாள்தான்
படியேறுவார் தபால்காரர்?

அவள் வேளச்சேரிக்காரி.
தெருவில் படகு வந்த ஒரு டிசம்பரில்
அவர்கள் குடியிருப்பின் குழுவில் எண்பத்து மூன்று பேர்.
எந்த முனையில் படகு நிற்கும்,
பால் பவுடர் யாரிடம் இருக்கிறது,
மூன்றாம் மாடியில் யாருக்கு இன்சுலின் வேண்டும்,
எல்லாம் மடலில்தான்.
முப்பத்தொரு பேருக்கு ஒரே கம்பெனி முகவரி.
அந்தக் கம்பெனியின் சர்வர் அறையில்
இடுப்பளவு தண்ணீர்.

காலையிலிருந்து ஐந்து மடல். ஐந்தும் திரும்பின.
விளக்கு வைக்கும் நேரத்துக்குள்
முப்பத்தொரு பேரைக் கழித்துவிட்டது நிரல்,
சுத்தமாக, பிழை ஒன்றும் இல்லாமல்.

நீர் வடிந்து சர்வர் பிழைத்தது.
பெட்டியைத் திறந்தார்கள். ஒன்றும் இல்லை.
நமக்கு மட்டும் யாரும் எழுதவில்லை
என்று நினைத்துக்கொண்டார்கள்.
எங்கப்பா இன்னும் செயலாளரிடம்
முகம் கொடுத்துப் பேசுவதில்லை, என்றாள்.

ஃபேன் சத்தம்.
பொத்தானின் நிறத்தை யாரோ அழித்தார்கள்.

ஐந்தை எத்தனையாக்குவது?
பத்து என்றான் ஜெபசீலன்.
எண்ணிக்கையே வேண்டாம், நாள் கணக்கு என்றாள் ரிஸ்வானா.
வெள்ளம் எத்தனை நாளில் வடியும் என்று
நிரலுக்கு எப்படித் தெரியும்?

மூலத்தைத் திறந்தோம்.
அந்த ஐந்துக்குப் பக்கத்தில்
எழுதியவரின் குறிப்பு, இருபது வருடப் பழசு:
'இப்போதைக்கு ஐந்து. பிறகு யோசிக்கலாம்.'
கீழே அவர் முகவரி.

ஏன் ஐந்து என்று கேட்டு எழுதினேன்.
டீ வாங்கி வருவதற்குள்
மடல் திரும்பி வந்திருந்தது.

மதுமொழி எட்டிப் பார்த்தாள்.
ஃப்ளெக்ஸின் ஓரத்தில், மை வராத மார்க்கரால்,
அழுத்தி ஒரு கோடு கிழித்தாள்.
இது ஒன்று, என்றாள்.
நாளைக்கு மறுபடி அனுப்பு.