மூன்றாவது கிலோமீட்டர்

முட்டி வீங்கிய பிறகு கோமளவல்லி ஓடுவதில்லை.
வெட்டாற்றுக் கரையில் சைக்கிளில் கூடவே வந்து
எங்கள் நேரங்களைக்
கணக்கு நோட்டில் குறிக்கிறாள்.

பதினொரு பேரில் நான் பதினொன்று.
அதை அவள் எழுதுவதில்லை.
போன வாரத்துக்கு இந்த வாரம்
எத்தனை விநாடி, அவ்வளவுதான்.

நேற்று ஒரே ஒரு கட்டத்தில் பச்சை மையில் வட்டம்:
மூன்றாவது கிலோமீட்டர், ஐந்து நாற்பது.
கரையிறங்கி வரப்பேறும் இடம்,
சேறு எல்லோர் காலையும் பிடிக்கும்.
“இங்க நீதான்டி ஃபர்ஸ்ட்.”

வாத்துக் கொட்டகை நாயைப் பற்றி
நான் வாய் திறக்கவில்லை.

மன்னார்குடிப் போட்டிக்கு அந்த நாய் வராது.

இன்று விடியலில்
அதைக் கட்டிப்போட்டிருந்தார்கள். வாலாட்டியது.
சேறு அப்படியே கிடந்தது.
மேலே கரையில் சைக்கிள் மணி.

ஐந்து முப்பத்தெட்டு.