கழித்த வெளிச்சம்

ஈசூனில், பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் உச்சித் தளம்.
என் ஓய்வுநாள் எதுவோ
அன்றைக்குப் பார்த்து மேகம் வந்து நிற்கும்.
நிற்காத இரவுகள்
நான்கு மாதத்தில் பதினொன்று.

துருவ மீன் இங்கே அடிவானுக்கு மேல் ஒரு விரல் உயரம்.
அதையும் செம்பவாங் புளோக்குகள் மறைத்துக்கொள்ள
வடக்கை ஊகித்துத்தான் முக்காலியை நிறுத்துகிறேன்.

அஸ்தத்தின் ஓரத்தில்
அந்தக் கைக்கு எட்டாத ஆழத்தில்
இரண்டு விண்மீன் மண்டலங்கள்
ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொண்டிருக்கின்றன.
இழுபட்ட வால்கள் இரண்டும்
கரப்பான்பூச்சி மீசைபோல்
வளைந்து வெளியே கிடக்கின்றன.

மோதல் என்கிறார்கள்.
ஆனால் ஒரு நட்சத்திரம்கூட இன்னொன்றை இடிக்காதாம்,
அவ்வளவு இடைவெளி.
பதின்மூன்று பேர் ஏறும் மின்தூக்கிகளைப்
பழுதுபார்த்துப் பிழைக்கிற எனக்கு
இதை நம்பவே நாளாயிற்று.
வாயுவும் தூசும்தான் நெரிபடுகின்றன.
நெரிபட்ட இடத்திலெல்லாம்
புதுசாய் ஒன்று பற்றிக்கொள்கிறது.

தானாக எரியாத தூசு மேகம்,
யாருடைய ஒளியிலோ லேசாகத் தெரிவது,
அது இங்கே விழாது.
மெர்சிங் கடற்கரைக்கு வா என்கிறான் ஃபைசால்.
சோதனைச்சாவடி வரிசையை நினைத்துக்கொண்டு
இரண்டு நிமிடத்துக்கு ஒரு படமாக
இங்கேயே சேர்க்கிறேன்.

வீட்டில், கணினி முன்னால்,
சேர்ப்பதைவிடக் கழிப்பதுதான் வேலை.
சிலேத்தாரில் இறங்கும் விமானக் கோட்டைக் கழி.
செயற்கைக்கோளைக் கழி.
ஜொகூரின் ஆரஞ்சு, விளக்குக் கம்பங்கள்,
மேம்பாலத்தில் தாமதமாய்ப் போன லாரி.
கழித்ததையெல்லாம் தனிக் கோப்பாக எழுதித் தருகிறது மென்பொருள்.
அதை யாரும் திறப்பதில்லை.
மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் திறந்தேன்.

இடது கீழ் மூலையில் ஒரு வெளிறல்.
அறுபத்தொன்றாம் படத்தில் தொடங்கி
எழுபத்து நான்கில் அணைகிறது.
விடிகாலை இரண்டே முக்கால் முதல் மூன்றேகால் வரை.
அடுத்து வாய்த்த இரவிலும் அப்படியே.
அதற்கடுத்ததில் இரண்டு முறை.

எதிர் புளோக், பதினோராம் மாடி,
சமையலறைக் குழல்விளக்கு.
தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பவில்லை.
சத்தியமாக.

மார்ச்சில் பன்னிரண்டு படம்.
பிறகு ஒன்பது.
நான்கு.
ஏப்ரல் பதினேழு: ஒன்றுமே இல்லை.
நான் எடுத்ததிலேயே சுத்தமான இரவு,
மூலைவரை கருப்பு.
இரண்டு நாள் எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

மே மாதம் அதே புளோக்கில்
கதவு மூடாத மின்தூக்கி.
சரிசெய்து நிமிர்ந்தால்
தள்ளுவண்டியோடு ஒரு பெண்,
தோளில் அலுவலகப் பை.
பதினொன்றை அழுத்தினார்.
வண்டியில் இருந்தவன்
என் தலைக்கவச விளக்கை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

எத்தனை மாசம்?
ஆறு முடியப் போகுது.
ராத்திரி தூங்குறானா?
இப்பத்தான், ஒரு மாசமா.

தெரியும் என்று வாய்வரை வந்துவிட்டது.
எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்துக்கொண்டேன்.

பத்தொன்பது மணி நேரத்துப் படம் முடிந்தது.
மீசை இரண்டும் விழுந்திருக்கின்றன.
தூசு இல்லை.
நல்லாத்தான் இருக்கு,
அந்த இடது மூலை மட்டும் ஏன் வெளுத்திருக்கு
என்று கேட்டான் ஃபைசால்.

கழிக்க மறந்துட்டேன் என்றேன்.