மூன்று வளைவு, கல்

டுலூத்தில் ஜனவரி. பூஜ்யத்துக்குக் கீழே இருபது.
சலவைக்கடையின் மேல்மாடியில் வியாழன்தோறும் கூடுகிறோம்.
கீழே உலர்த்தி இயந்திரங்கள் உருளும் அதிர்வில்
மேசைமேல் பகடைகள் தாமாகவே கொஞ்சம் நகரும்.
ஆட்டத்தை நடத்துபவள் நான்.
வரைபடம் என்னுடையது, வானிலை என்னுடையது,
சாவும் பெரும்பாலும் என்னுடையது.

உப்பு வண்டிகளை வடக்கே கொண்டுபோகும் கதை.
மாய் யெங் பூட்டுத் திருடி.
டெல்பர்ட் தேனீக் கூட்டம். ஒரு தேனீ இல்லை, கூட்டம்:
ஏழாயிரம் உடல், ஒரே மனசாட்சி.
அவனுக்காக ஒரு மாதம் உட்கார்ந்து சட்டம் எழுதினேன்.
மழையில் பேச முடியாது.
வாள் பட்டால் முப்பது சாகும், மீதி அழாது.
விடுதி வாடகை ஒருவருக்கா, ஏழாயிரம் பேருக்கா என்று
ஒரு முழு மாலை சண்டை நடந்தது.
விடுதிக்காரன் தோற்றான்.

புதிதாக வந்த ஆர்விட்
கையுறையைக் கழற்றாமலே சொன்னான்:
“நான் பாலம்.”
பாலத்தைக் காப்பவனா?
“இல்லை. பாலம். மூன்று வளைவு, கல்.”

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன்.
என்னிடம் மறுப்புகள் எப்போதும் மடித்துத் தயாராக இருக்கும்:
இந்த உலகில் அது கிடையாது, கதை தாங்காது,
வடக்கே போகிற கதையில் பாலத்துக்கு என்ன வேலை.
அவன் தாளை வாங்கிப் பார்த்தேன்.
வலிமை பதினெட்டு. வேகம் பூஜ்யம்.
பயம் என்ற கட்டத்தில், பென்சிலில்,
‘ஆற்றில் பனி உடையும் வாரம்.’

அந்த ஒரு வரிக்காக
சரி, எழுந்து நட என்றேன்.

நடந்தது.
ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பது
மற்றவர்களுக்குத் தடுமாற்றம், அதற்கு நிற்கும் விதம்.
இரவானால் ஏதாவதொரு ஓடைமேல் படுத்துக்கொள்ளும்,
வண்டிகள் வளைவுக்கு அடியில் ஒண்டும்,
நடு வளைவில் டெல்பர்ட் கூடு கட்டினான்.
கோட்டை வாசலில் காவலன் கேட்டான்: ஆயுதமா, கால்நடையா?
“சாமான்” என்றாள் மாய் யெங்,
எடைக்குத் தகுந்த வரியைக் கட்டினாள்.
அது முழுக்கத் திருட்டுக் காசு.

ஆறாவது வாரம்தான் எனக்கு உறைத்தது.
பேருந்தில், கண்ணாடியில் உறைந்த மூச்சைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது:
அது எழுந்து வந்த இடத்தில்
இப்போது என்ன இருக்கிறது?

வியாழனன்று ஒரு புறா வந்தது. கடிதத்தைப் படித்தேன்.
மருத்துவச்சி இக்கரையில். வலி கண்டவள் அக்கரையில்.
படகு கவிழ்ந்துவிட்டது.
கீழே இயந்திரங்கள் நின்றிருந்தன,
யாரோ சில்லறை போட மறந்திருக்க வேண்டும்.
“குழந்தை?” என்றான் ஆர்விட்.
உருட்டு என்றேன்.
பதினொன்று.

இருபதில் பதினொன்று வாழ்வும் இல்லை, சாவும் இல்லை.
பிஸ்ஸா ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
குழந்தை பிழைத்தது என்றேன்.
தாயைப் பற்றி அவன் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.

உப்பு நனைந்துவிடும், வாங்கின முன்பணம் போய்விடும்
என்று கணக்குச் சொன்ன மாய் யெங்தான்
முதல் வண்டியைத் திருப்பினாள்.
ஆறு கடக்கும் வரைதான் அண்ணன் தம்பி என்பார்கள்.
ஆறே கூட வரும்போது என்ன செய்வது.

இரண்டு வருடம் வரைந்த வடக்கு,
அதன் ஏழு அரசர்கள், பனிக்கு அடியில் தூங்கும் நகரம்,
எல்லாம் சுருட்டி அலமாரிமேல், விளக்குமாற்றுக்குப் பக்கத்தில்.
பாலம் பழைய இடத்தில் படுத்தபோது
ஒரு முழம் தள்ளிப் படுத்துவிட்டது.
சாலை இப்போது கொஞ்சம் வளைந்து ஏறுகிறது,
ஊரில் தினம் திட்டுகிறார்கள்.
ஆர்விட் ஒவ்வொரு வாரமும் வருகிறான்.
யார் கடந்தார்கள், என்ன சுமந்தார்கள் என்று கேட்கிறான்.
நான் சொல்கிறேன்.
மற்ற இருவரும் கரையில் கடை போட்டிருக்கிறார்கள். உப்பும் தேனும்.
ஏன் பாலம் என்று இதுவரை யாரும் அவனைக் கேட்கவில்லை.

போன வியாழன் லோயிஸ் வந்தாள்,
பூட்ஸில் பனியோடு.
எதுவாக ஆட விருப்பம் என்றேன்.
“கடன்” என்றாள்.
கடன்காரியா?
“இல்லை. கடன்.”

நாற்காலியை இழுத்துப் போட்டுக்
கேட்டேன்: எவ்வளவு? யாருக்கு?